முந்நூறு சதுர அடியில் ஒரு குடித்தனம்

2011-12ல் தமிழக அரசு தொடங்கிய சூரிய ஒளி பசுமை வீடு திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 300 சதுர அடி. வரவேற்பறை, படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, முன்னால் ஒரு தாழ்வாரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 2024ல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அது 360 சதுர அடியானது. அதிலும் 300 சதுர அடிக்குத்தான் கான்கிரீட் கூரை. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிக்கும் ஒரு பிடி குறைவு. நாமக்கல்லுக்கு வடகிழக்கே, கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இத்தகைய வீடுகள், இதே அளவு வாடகை வீடுகள், பழைய ஓட்டு வீட்டைப் பாகம் பிரித்ததில் ஒரு பங்காளிக்கு வந்த இரண்டு அறைகள் என்று எங்கு பார்த்தாலும் நான்கைந்து பேர் குடியிருக்கிறார்கள். வீட்டுச் சாமான் விற்கும் கடைகளோ ஆயிரம் சதுர அடி வீட்டை மனதில் வைத்து அடுக்கப்பட்டவை.

கனவு இல்லம் ஒன்றுக்கு அரசு தரும் தொகை சுமார் 3.5 லட்சம் ரூபாய். அதை 360ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 970 ரூபாய் வருகிறது. கம்பி, சிமெண்ட் விலையும் கொத்தனார் கூலியும் தெரிந்தவர்கள் இந்தத் தொகைக்குள் வீடு முடியாது என்பார்கள். உண்மைச் செலவு அதற்கு மேல்தான். அரசுக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், ஆறடிக்கு ஐந்தடி கட்டில் ஒன்று 30 சதுர அடியை அடைக்கிறது. 29,000 ரூபாய் பெறும் தரை அது. கட்டில் கடையில் அதில் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கலாம். சிறு வீட்டில் எந்தச் சாமானுக்கும் இப்படி இரண்டு விலை உண்டு: கடைக்காரரிடம் கொடுப்பது ஒன்று, தரையில் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆடி மாதத்திலும் தள்ளுபடி கிடையாது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஓர் அளவு நாடா. பெரிய சாமான் எதையும் வாங்கும் முன், அது நிற்கப்போகும் இடத்தில் அதன் நீள அகலத்தைச் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டுவிட்டு, இரண்டு நாள் அந்தக் கட்டத்தை மிதிக்காமல் வீட்டில் புழங்கிப் பார்க்கலாம். சமையலறைக்கும் கழிப்பறைக்கும் போகும் வழியில் இரண்டடியாவது மிஞ்சுகிறதா, ராத்திரி பாய் விரிக்க இடம் இருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். வாசற்கதவின் அகலத்தையும் அளந்துகொள்ள வேண்டும். நிலைக்கால் இரண்டேமுக்கால் அடி இருக்கும் வீட்டுக்கு மூன்றடி ஆழமுள்ள சோபாவை வாங்கிவந்து, திண்ணையிலேயே போட்டுவைத்திருப்பது ஊருக்கு ஊர் காணும் காட்சி.

பீரோவின் கணக்கு வேறு. மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று கடையில் சொல்வது கதவு மூடியிருக்கும்போது உள்ள அளவு. இரண்டு கதவுகளும் ஒன்றரை அடி வீதம் முன்னால் விரியும். திறந்து துணி எடுக்க ஆள் நிற்கவும் வேண்டும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இந்த இடத்தை விடாமல் போட்டுவிட்டு, ஒரு கதவை மட்டும் பாதி திறந்து கையை நுழைத்துத் துழாவும் வீடுகள் நிறைய. இடம் இல்லாத அறைக்குத் தள்ளுகதவு பீரோ பொருந்தும். சாதாரண பீரோதான் என்றால் அதை அறையின் மூலையில் வைக்காமல் கதவு முழுதும் விரியும் இடத்தில் வைக்க வேண்டும். தகட்டின் கனத்தைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு கனமாகும். 20 கேஜ் பீரோ 22 கேஜைவிட உறுதி. நடுத்தட்டை உள்ளங்கையால் அழுத்தினால் உள்வாங்கி டப்பென்று திரும்புகிற பீரோவை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கட்டிலே வேண்டுமா என்று கேட்டால், வயதானவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கட்டாயம் வேண்டும். மற்றவர்களுக்குப் பகலில் சுவரோரம் நிமிர்த்தி வைக்கிற நாடாக் கட்டிலோ கயிற்றுக் கட்டிலோ, சுருட்டி மூலையில் நிறுத்துகிற கோரைப்பாயோ போதும். கோரை இந்த வட்டாரத்துப் பயிர். கரூர், நாமக்கல் மாவட்டங்களின் காவிரிக் கரையில் விளைகிறது. பக்கத்து ஈரோடு மாவட்டத்தின் பவானி ஜமக்காளம் மடித்தால் ஒரு தலையணை இடத்தில் அடங்கும். நிரந்தரக் கட்டில் போடுகிறவர்கள் ஒன்றரை அடி உயரக் கால் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அடியில் டிரங்குப் பெட்டிகளும் அரிசி டின்னும் நுழையும். மெத்தைக்கு அடியில் பெட்டி வைத்த கட்டில் அழகானதுதான், ஆனால் அதைத் திறக்க ஒவ்வொரு முறையும் மெத்தையைத் தூக்க வேண்டும். பண்டிகைப் பாத்திரமும் விருந்தாளிப் போர்வையும் வைக்கத்தான் அது லாயக்கு. சோபா செட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 300 சதுர அடி வீட்டில் நாற்பது ஐம்பது சதுர அடியை அடைத்துக்கொண்டு, துணி மடிக்காமல் போட்டுவைக்கும் இடமாகிவிடும் சாமான் அது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு நாற்காலியின் இடம்தான்.

கூரையும் மின்சாரமும்

கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் வீட்டுக்குள் இறக்குகிறது. கூரை தாழ்ந்து, அறை சிறுத்து, ஜன்னல் ஒன்றே இருக்கும் வீட்டில் ஏப்ரல், மே மாதங்களில் இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுடும். இதற்கு மிக மலிவான மருந்து சுண்ணாம்பு. மாசி கடைசியில் மொட்டை மாடியைக் கழுவி, கெட்டியாகக் கரைத்த சுண்ணாம்பை இரண்டு பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி மேலேயே திருப்பி அனுப்பப்படும். ஒரு மழைக்காலத்தில் அது கரைந்து போகும், அடுத்த ஆண்டு திரும்பவும் அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பும் வெள்ளை பெயிண்டுகள் கூடுதல் காலம் நிற்கும், விலையும் கூடுதல். எதுவானாலும் ஏர் கூலர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

கூலர் வறண்ட வெயிலில் மட்டுமே குளிர்ச்சி தரும். தண்ணீர் ஆவியாவதால்தான் காற்று குளிர்கிறது. ஏற்கெனவே ஈரம் மிகுந்த காற்றில் தண்ணீர் ஆவியாகாது. ஆகவே சேந்தமங்கலத்தின் சித்திரை வெயிலுக்கு உதவும் கூலர், ஐப்பசிப் புழுக்கத்தில் வெறும் மின்விசிறியாகிவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டினால் இன்னும் மோசம். அறைக்குள்ளேயே ஈரம் சுற்றிச் சுற்றி, துணியும் மெத்தையும் பிசுபிசுக்கும். ஜன்னல் வழியாக வெளிக்காற்றை இழுக்கிற மாதிரி கூலரை வைத்து, எதிர்ப்பக்கக் கதவைச் சிறிது திறந்து வைக்க வேண்டும்.

மின்விசிறிக்கு வந்தால், கணக்குப் போட்டே வாங்கலாம். 2016 மே முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆனது. பழைய மாடல் சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 12 மணி நேரம் வீதம் 60 நாள் ஓடினால் 54 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 108. அதாவது விளக்கு போடாமல், டிவி பார்க்காமல், ஃபேன் காற்று வாங்கியே இலவச யூனிட் தீர்ந்துவிடுகிறது. பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் அளவில் ஓடும்; அதே கணக்கில் இரண்டுக்கும் சேர்த்து 44 யூனிட்டுக்குள் முடியும். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உள்ளூர் எலக்ட்ரீஷியன் கெப்பாசிட்டரை மாற்றிப் பத்து நிமிடத்தில் சரி செய்துவிடுவார். பி.எல்.டி.சி. ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போனால் கம்பெனி ஆள் வர வேண்டும். எனவே நாமக்கல்லிலோ சேலத்திலோ சர்வீஸ் உள்ள கம்பெனியாகப் பார்த்து, உத்தரவாதக் காலத்தையும் கேட்டு வாங்குவது நல்லது. வெளியூர்ப் பெயர் தெரியாத பிராண்டு ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். ஒரு சித்திரை மாதம் ஃபேன் இல்லாமல் போனால் அந்த ஐந்நூறின் அருமை தெரியும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் நட்சத்திரத்தைவிட முக்கியமானது ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்ற எண். அதை ஆறால் வகுத்தால் இரண்டு மாத பில்லில் அது சேர்க்கும் யூனிட் கிடைக்கும். 150 என்று இருந்தால் 25 யூனிட். சீட்டின் ஆண்டையும் பார்க்க வேண்டும். நட்சத்திரத்துக்கான அளவுகோல் அவ்வப்போது இறுக்கப்படுவதால், கடையில் தேங்கிக் கிடந்த பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றாகாது. நான்கு பேர் வீட்டுக்கு 180, 190 லிட்டர் ஒற்றைக்கதவுப் பெட்டி தாராளம். பின்புறம் நான்கு விரல்கடை இடம் விடாமல் சுவரோடு ஒட்டவைத்தால் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடி, நட்சத்திரம் காட்டிய கணக்கைப் பொய்யாக்கும்.

சலவை இயந்திரத்தில் தண்ணீர்தான் தீர்மானிக்கும். மேல்நிலைத் தொட்டியும் குழாயில் அழுத்தமும் இல்லாத வீட்டில் முழுத் தானியங்கி இயந்திரம் தண்ணீருக்குக் காத்து நின்றே பாதி வழியில் மக்கர் செய்யும். குடத்தில் மொண்டு ஊற்றலாம், சக்கரத்தில் தள்ளிப் புழக்கடைக்குக் கொண்டுபோகலாம் என்பதால் செமி ஆட்டோமேட்டிக்தான் இங்கே பொருத்தம். துணி கொஞ்சம் என்றால் கல்லே போதும்.

அரசு 2006க்குப் பின் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியும், 2011 முதல் கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், மேஜை ஃபேனும் பல வீடுகளில் இன்னும் பரணிலோ கட்டிலடியிலோ உள்ளன. மோட்டாருக்கு வைண்டிங் கட்டினால் ஓடக்கூடிய கிரைண்டரை வைத்துக்கொண்டே புதிது வாங்குவதும், ஓடாத டிவியை இடம் அடைக்க விட்டுவைப்பதும் ஒரே வீட்டில் நடக்கும்.

அடுப்படி

எவர்சில்வர் பாத்திரத்தை எடை போட்டு விற்கும் கடை, எண்ணி விற்கும் கடை என்று இரண்டு வகை. எண்ணி விற்கும் இடத்தில் பளபளப்பும் அகலமும் கண்ணை ஏமாற்றும், தகடு மெலிந்திருக்கும். சமைக்கும் பாத்திரத்துக்குக் கனம் வேண்டும், டப்பாவுக்கு வேண்டியதில்லை. 304 என்று குறிக்கப்படும் ரகத்தில் நிக்கல் கூடுதல். புளியும் உப்பும் பட்டாலும் கறை ஏறாது. 200 வரிசை ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், விலை குறைவு, நாளடைவில் புள்ளி விழலாம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று ஒரு நம்பிக்கை கடைத்தெருவில் உலவுகிறது. பெரும்பாலும் இரண்டு ரகத்திலுமே காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையால் பயனில்லை. பாத்திரத்தில் பொறித்த எண்ணையும் பில்லில் எழுதிய ரகத்தையும் பார்ப்பதுதான் வழி. இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையால் இந்தப் பக்கத்துக்கு எவர்சில்வர் அன்னியச் சரக்கு அல்ல. பழைய கடைக்காரர்களிடம் கேட்டால் ரகம் பிரித்துச் சொல்வார்கள்.

இடமில்லாத அடுப்படிக்கு ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குச் சட்டிகள்தான் சரி. ஐந்து சட்டி ஒரு சட்டியின் இடத்தை எடுக்கும். சீர்வரிசையில் வந்த அண்டா, குண்டான்களைப் பரணில் ஏற்றலாம். ஆனால் பரண்தான் வீட்டிலேயே சூடான இடம் என்பதை மறந்து எண்ணெய் டின், தேங்காய், மருந்து, முட்டை எதையும் அங்கே வைக்கக் கூடாது. கனமானவற்றையும் ஏற்றக் கூடாது. கைக்கு எட்டாதது என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை இறங்கும் சாமானுக்கே பரண்.

நாமக்கல் மாக்கல் சட்டி இந்த மாவட்டத்தின் சொந்தச் சரக்கு. மாவு போல் மிருதுவான கல்லைக் குடைந்து செய்வது. புதுச் சட்டியை நேரே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். வாங்கி வந்ததும் விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவிட்டு, பிறகு சில நாட்கள் சூடான வடிகஞ்சியை ஊற்றி வைத்துப் பழக்க வேண்டும். முதலில் சிறு தீயில் தண்ணீர் கொதிக்க வைத்துப் பார்த்த பிறகே குழம்பு. கல் சூட்டை விடாது என்பதால், குழம்பு முற்றும் ஒரு கொதிக்கு முன்பே அடுப்பை அணைத்துவிடலாம். மீதியைச் சட்டியே பார்த்துக்கொள்ளும், எரிவாயுவும் மிஞ்சும். வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, மந்தமான ஓசை வந்தால் உள்ளே கீறல் இருக்கிறது என்று ஒதுக்க வேண்டும். எடை கூடுதல் என்பதால் மேல்தட்டில் வைக்கக் கூடாது.

சிலிண்டரில் கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே சி, டி. எண் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்த சிலிண்டரைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விரிசல் கண்டால் உடனே. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கும். எனவே மேலே ஜன்னல் இருப்பது போதாது, தரைமட்டத்தில் ஒரு துவாரமும் வேண்டும். கசிவைச் சொல்ல நாடு முழுதும் 1906 என்ற எண் உள்ளது.

மளிகையும் மலையும்

பழைய வீடுகளில் ஓர் ஆண்டுத் தானியத்தைக் கொள்ளும் குதிர் இருந்தது. இன்றைய வீட்டில் அதற்கு இடமில்லை; சந்தையும் கடையுமே குதிர். மாதம் முழுவதற்கும் மொத்தமாக வாங்கினால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்பது சரிதான், ஆனால் அந்த மூட்டைக்கு அடியில் பூச்சியும் எலியும் குடியேறினால் மிச்சம் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை வாங்குவது சிறு வீட்டுக்குச் சிக்கனமே.

முட்டை விஷயத்தில் சேந்தமங்கலத்துக்கு ஒரு வசதி. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் பண்ணை விலை நாளிதழில் வருகிறது. சில்லறைக் கடையில் கூடுதலாகக் கேட்பது எவ்வளவு என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 30 முட்டை அட்டையாக வாங்குகிறவர்கள் கூரிய முனை கீழே இருக்கும்படி, அடுப்புச் சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் புதியது அடியில் படுக்கும். பழையது நிமிர்ந்து நிற்கும் அல்லது மிதக்கும்.

கொல்லிமலையிலிருந்து சாமை, தினை, கேழ்வரகு இறங்குகின்றன. இவற்றின் சாகுபடியை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் மலையில் வேலை செய்துவருகிறது. சாமை உமியோடு இருக்கும்வரை நெடுநாள் கெடாது. உமியை மட்டும் நீக்கி, தவிடு போகாத அரிசியாகிவிட்டால் தவிட்டின் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஆகவே தீட்டாத சிறுதானிய அரிசியை ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கி வைப்பதில் பொருளில்லை. மிளகை ஒரு கைப்பிடி தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். நல்ல மணி மூழ்கும், சொத்தையும் பப்பாளி விதையும் மேலே மிதக்கும்.

மலைவாழ் மக்கள் பெரிய சாமான் வாங்கும் ஊர்களில் ஒன்று சேந்தமங்கலம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் இருக்கும் செம்மேடு போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். குளிர்சாதனப் பெட்டியை இந்த வளைவுகளில் படுக்கவைத்து ஏற்றக் கூடாது. நிமிர்த்தி, கயிற்றால் கட்டிக் கொண்டுபோய், இறக்கிச் சில மணி நேரம் ஆறவிட்டே மின்சாரம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் போய்ப் பெட்டி கெடும். மலைக்கு மேல் மழையும் பனியும் மிகுதி. மரத்தூள் பலகையில் செய்த அலமாரி ஈரம் குடித்து உப்பும், திருகாணி பிடி விடும். அங்கே தகட்டு பீரோவோ நல்ல மரமோதான் நிற்கும். அதையும் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, அடியில் கட்டை கொடுத்து வைக்க வேண்டும். அடிவாரத்துக்குத் தேவைப்படும் கூலர் மலைமேல் வெறும் பெட்டி.

பில்

வட்டியில்லாத் தவணை என்று சொல்லும் இடங்களில் பரிசீலனைக் கட்டணம் என்று ஒரு தொகை தனியே இருக்கும். மொத்தத் தவணையையும் அதையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் சமையல் பாத்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகவும், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28லிருந்து 18 சதவீதமாகவும் குறைந்தது. பில்லில் பழைய விகிதம் இருந்தால் கேட்கலாம். பில்லே வேண்டாம் என்றால் வரி மிச்சம் என்று சொல்லும் கடையில் வாங்கினால் உத்தரவாதமும் இல்லை, புகாரும் இல்லை.

பழுதான சரக்கைக் கடை மாற்றித் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மனுவோடு பில்லின் நகலும் உத்தரவாத அட்டையின் நகலும் வேண்டும். அட்டையில் வாங்கிய தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. வெப்பத் தாளில் அச்சடித்த பில் பீரோவுக்குள் இருந்தாலும் சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும்.